மாற்று உலகத் தலைவர்

நம் நாட்டில் கால்பந்து ஆடத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கால்பந்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்களை எண்ணுவதற்கு ஊரார் விரலெல்லாம் சேர்ந்தாலும் போதாது. அதனால்தானோ என்னவோ, உலகக் கால்பந்து மகாசபை அடுத்த உலகப் போட்டியை நடத்தும் உரிமையை நம் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டது.

உடனே மற்ற நாடுகளுக்கு வயிற்றெரிச்சல் கிளம்பியது. அங்கே மைதானம் இருக்கிறதா, இருந்தால் புல் இருக்கிறதா, புல் இருந்தால் அதை மாடு மேயாமல் இருக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. நமக்கு வாக்களித்த பெரிய மனிதர்கள் வீட்டுக்கெல்லாம் தங்க வாட்ச் போயிருக்கிறது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. போட்டியை நடத்தும் குழுவின் சேர்மன் தொலைக்காட்சியில் வந்து பதில் சொன்னார்.

"காலம் பொன் போன்றதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நாங்க யாருக்கும் பொன் குடுக்கல. காலத்தைத்தான் குடுத்தோம். அது கையில கட்டிக்கிற மாதிரி இருந்தா அதுக்கு நாங்க என்னங்க பண்றது?"

கேள்வி கேட்க வந்திருந்த நிருபர்கள் அவரவர் கையைத் திருப்பி மணி பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள்.

இருந்தாலும் ஊர் வாயை மூட முடியுமா? மகாசபையின் உலகத் தலைவரே நேரில் வந்து, பார்த்து, 'பிரமாதம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால்தான் சர்ச்சை அடங்கும் என்று முடிவாயிற்று. அவரும் வருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் விமான நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகிற வழியில் ஒரு தெரு குறுக்கிட்டது.

சாதாரணத் தெரு. லாண்டரி, சைக்கிள் கடை, மாவு மில், ஓட்டு வீடுகள், மாடியில் காயும் போர்வைகள். கால்பந்தை நேசிக்கிற மக்கள் வாழும் தெரு மாதிரி அது தெரியவில்லை என்று குழு கண்டுபிடித்தது. ஆகவே அதை இடித்துத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் 'ரசிகர் வீதி' என்ற பெயரில், கால்பந்தை நேசிக்கும் மக்கள் வாழ்வதைப் போன்ற ஒரு தெருவை அட்டையில் செய்து நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். அட்டை வீட்டு ஜன்னல்களில் சிரித்த முகங்களையும் வரைந்துவிடுவார்களாம். வரைந்த முகம் வாடகை கேட்காது, தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதாது. உலகத் தலைவர் வந்து பார்த்துச் சரி சொன்னதும் இடிப்பதாகத் திட்டம். அதற்கு அச்சாரமாக எல்லா வீட்டுச் சுவரிலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தப் பெருக்கல் குறிகளில் ஒன்று பூட்டுக்காரர் வீட்டுச் சுவரில் இருந்தது. முன்பக்கம் பூட்டு சாவி கடை, பின்பக்கம் குடித்தனம். ஜன்னலோரம் அவர் மனைவியின் தையல் மெஷின். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தானே கல் சுமந்து, தானே சாந்து குழைத்து, பாதிச் சுவர் கோணலாகப் போய், அதையும் தானே இடித்து மறுபடி கட்டிய வீடு அது. பூட்டுக்காரருக்கு வேறு சொத்து கிடையாது, தொப்பையும் வழுக்கையும் தவிர.

இந்த நேரத்தில்தான் குழு அலுவலகத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் ஒட்டுக் கேட்கக்கூடாது என்று கூட்ட அறைக்கு ஒரு வெளிநாட்டுப் பூட்டு போட்டிருந்தார்கள். சேர்மன் வெளியே நின்று கட்டைவிரலை வைத்தால்தான் திறக்கும். சேர்மனும் அவருடைய கட்டைவிரலும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன.

"போறதுதான் போறீங்க, அந்தச் சேர்மன் காதுல நம்ம வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை போட்டுட்டு வாங்க," என்றாள் மனைவி.

"கதவு தொறக்கப் போறவன் எப்படிம்மா வீட்டுக் கதை பேசறது?"

"தொறக்கறதுக்கு முன்னாடி பேசுங்க. உள்ள இருக்கறவன் எங்க ஓடிடப் போறான்?"

பூட்டுக்காரருக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. முதலில் கதவைக் கீலோடு கழற்றி வைத்தார். பிறகுதான் பேச வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து வந்த குழுவினர் அவரை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். குழுவின் ஒத்திகை இயக்குநர் அவர். எல்லோரும் மேடம் என்றார்கள்.

"ஏம்ப்பா, கொஞ்சம் திரும்பு," என்றார் மேடம்.

திரும்பினார்.

"நடந்து காட்டு."

நடந்தார்.

"அச்சு அசல்!" என்று சேர்மன் கூவினார். "அதே வழுக்கை, அதே தொப்பை. அந்த அசந்து போன பார்வையைப் பாருங்க மேடம். உலகத் தலைவரேதான்!"

விஷயம் இதுதான். அந்தக் குழு எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யாது. வரவேற்புக்கு ஒத்திகை, சிரிப்புக்கு ஒத்திகை, ஒத்திகைக்கே கூட ஓர் ஒத்திகை உண்டு. போன வாரம் மௌன அஞ்சலிக்கு ஒத்திகை பார்த்து முடித்திருந்தார்கள். யார் இறந்தது என்று இன்னும் முடிவாகவில்லை. உலகத் தலைவரின் வருகைக்கு ஒத்திகை பார்க்க அவரைப் போலவே ஓர் ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். கும்பிடப் போன தெய்வம் கதவைக் கழற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றது.

"நான் ஒரு தடவை கை தட்டினா நீங்க உலகத் தலைவர்," என்று மேடம் விளக்கினார். "ரெண்டு தடவை தட்டினா பூட்டுக்காரன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க. எங்க வீட்டு விஷயமா ஒரு வார்த்தை..."

மேடம் ஒரு தடவை கை தட்டினார்.

அவ்வளவுதான். சேர்மன் இடுப்பு வரை வளைந்துவிட்டார். "வாங்கய்யா, வாங்க! உங்க பாதம் படறதுக்கு இந்த மண்ணு என்ன புண்ணியம் பண்ணுச்சோ!" என்று பூச்செண்டை நீட்டினார். குழுவினர் அத்தனை பேர் முதுகும் வில்லாக வளைந்தது. பூட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். அவர் கல்யாணத்தில் கூட யாரும் அவரை இப்படி வரவேற்றதில்லை.

இரண்டு தட்டு.

"ஏய், பூச்செண்டை எங்க தூக்கிட்டுப் போறே? வை கீழே," என்றார் சேர்மன்.

அன்றிலிருந்து தினமும் பூட்டுக்காரர் கடையை மூடிவிட்டு ஒத்திகைக்குப் போனார். உலகத் தலைவர் போட்டுக்கொள்வதைப் போலவே ஒரு கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தார்கள். கம்பளத்தில் ஓரிடத்தில் நீலக்கோடு போட்டிருந்தது. அங்கே வந்ததும் ஆச்சரியப்பட வேண்டும். அடுத்த கோட்டில் நெகிழ வேண்டும். பூட்டுக்காரர் அடிக்கடி முதல் கோட்டிலேயே நெகிழ்ந்துவிட்டு மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பந்தை உதைக்கிற நிகழ்ச்சியும் உண்டு. உலகத் தலைவர் உதைக்கிற பந்து கோலுக்குள் போகாவிட்டால் நாட்டுக்கே அவமானம் என்பதால் பந்தில் நைலான் நூல் கட்டி, வலைக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். ஒருநாள் பூட்டுக்காரர் உதைப்பதற்கு முன்பே பந்து ஓடிப் போய்க் கோலில் விழுந்தது. குழுவினர் எழுந்து நின்று பாராட்டினார்கள். பந்துக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள், அய்யா நினைத்தாலே போதும் என்றார் சேர்மன். கால்பந்து என்றால் எத்தனை பேர் ஆடுவது என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் மெதுவாகக் கேட்டதும் அன்றுதான். பக்கத்தில் இருந்தவர், அதற்கு உபகுழு போட்டிருக்கிறது, அறிக்கை வரட்டும் என்றார்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். உலகத் தலைவர் பேசப் போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால், அவர் அதை மனப்பாடம் செய்துவிட்டு, எதிரே இருப்பவர் இருமினாலும் தும்மினாலும் அதற்கு ஏற்ற பகுதியை ஒப்பித்துவிடுவார்.

ஒருநாள் மேடம், "உலகத் தலைவர் எக்குத்தப்பா ஏதாவது கேட்டா என்ன பண்றது? நீங்களே ஒரு கஷ்டமான கேள்வி கேளுங்க, பழகிக்குவோம்," என்றார். ஒரு தட்டு.

பூட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். இதற்காகத்தானே இத்தனை நாள் நெகிழ்ந்துகொண்டிருந்தார்? "அந்தத் தெருவை ஏங்க இடிக்கிறீங்க? அங்க மனுஷங்கதானே இருக்காங்க?"

அறை ஆடிப்போய்விட்டது.  பிறகு சேர்மனுக்கு அருள் வந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அய்யா! நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தத் தெருவுல ஒரு செங்கல்லைக் கூட அசைக்க மாட்டோம். இது என் தாய் மேல சத்தியம்!" என்றார்.

"வேணாங்க," என்றார் பூட்டுக்காரர்.

"அசைக்க மாட்டோம்!" என்று குழு முழுவதும் எழுந்து நின்று முழங்கியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பதில் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப் போய், அன்று மட்டும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார்கள்.

பூட்டுக்காரர் வீட்டுக்கு ஓடினார். "காரியம் முடிஞ்சுதும்மா! தாய் மேல சத்தியம் பண்ணிட்டார்!"

மனைவி மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "அந்தாளோட தாயைக் கேட்டுட்டுச் சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் காலை சிவப்பு மைக்காரர்கள் திரும்பவும் வந்தார்கள். பெருக்கல் குறி வெளிறிவிட்டது என்று இரண்டாவது பூச்சு கொடுத்தார்கள். பூட்டுக்காரர் பதறியடித்துக்கொண்டு போய், ஒத்திகை முடிந்து இரண்டு தட்டு விழும்வரை காத்திருந்து, சேர்மனைப் பிடித்தார்.

"நேத்து சத்தியம் பண்ணினீங்களே அய்யா?"

"அது ஒத்திகைப்பா," என்றார் சேர்மன் பொறுமையாக. "ஒத்திகையில குடுத்த வாக்கை நிஜத்துல காப்பாத்திட்டா, அப்புறம் ஒத்திகைக்கு என்ன மரியாதை?"

"அப்ப நிஜ உலகத் தலைவர் வந்து சொன்னா?"

"சொன்னா முடிஞ்சுது. ஒரு செங்கல் அசையாது. நான் வாக்கு தவறாதவன். ஆனா அவர் ஏன்ப்பா சொல்லப் போறார்? உன் தெரு அவருக்கு என்ன மாமியார் வீடா?"

எதிர்வீட்டு லாண்டரிக்காரருக்கு இந்த மென்று விழுங்குகிற வேலையெல்லாம் பிடிக்காது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற மனிதர். நேரே குழு அலுவலக வாசலுக்குப் போய் நின்று, தெருவை இடிக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினார். வாசலில் இருந்த காவலாளி, "நீங்க காலை எதிர்ப்பா, மதிய எதிர்ப்பா?" என்று கேட்டார். எதிர்ப்புக்கும் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அதற்கென்று அமர்த்தப்பட்ட ஆட்கள் நிழலில் உட்கார்ந்து முறை வருவதற்குக் காத்திருந்தார்கள். மேடம் வந்து லாண்டரிக்காரரை நன்றாகக் கவனித்துவிட்டு, "கோபம் முகத்துல மட்டும்தான் இருக்கு, தோள்ல வரல," என்றார். கையை எங்கே உயர்த்துவது, எப்போது மூச்சு வாங்குவது என்று சொல்லிக் கொடுத்தார். மத்தியானம் வரை கத்திவிட்டு, குரல் கம்மி, கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு லாண்டரிக்காரர் திரும்பி வந்தார்.

"கோஷம் போட்டா பயப்படுவாங்கன்னு பார்த்தேன்," என்றார் பூட்டுக்காரரிடம். "கோஷத்தைத் திருத்திக் குடுத்து அனுப்புறாங்கப்பா. நீ அங்கேதானே போய் வர்றே, அப்படி என்னதான் பண்றே?"

மாற்றுத் தலைவர் விஷயத்தை மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. "பூட்டு வேலைதாண்ணே," என்றார் பூட்டுக்காரர்.

உலகத் தலைவர் வருகிற நாளும் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் வாசலில் நின்று கையசைக்க வேண்டும் என்று குழு தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தது. தங்கள் வீடு இடிபடுவதில் மக்களுக்கு எவ்வளவு ஆனந்தம் என்பதை உலகத் தலைவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வேறு யார் நின்றாலும், வீட்டுக்காரர் வாசலில் நிற்காத வீடு ஆளில்லாத வீடு என்று எடுத்துக்கொள்ளப்படும். பூட்டுக்காரரும் நிற்கத்தான் இருந்தார். ஆனால் விடியற்காலையிலேயே குழுவின் கார் வந்துவிட்டது. விமான நிலையத்தில் கடைசியாக ஓர் ஒத்திகை, முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று கோட்டை மாட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அங்கேதான் விதி விளையாடியது. ஒத்திகை தொடங்கும் முன்பே உலகத் தலைவரின் விமானம் சீக்கிரமாக வந்து இறங்கிவிட்டது. கதவு திறந்தது. வேலிக்கு அப்பால் திரட்டி வைத்திருந்த ஜனங்கள் கை தட்டினார்கள்.

கை தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று குழுவினரின் முதுகெலும்புக்கு நன்றாகத் தெரியும். அத்தனை பேரும் வளைந்தார்கள். இத்தனை நாள் யாரைப் பார்த்து வளைந்தார்களோ, அவரைப் பார்த்தே வளைந்தார்கள். "வாங்கய்யா, வாங்க! உங்க பாதம் படறதுக்கு இந்த மண்ணு என்ன புண்ணியம் பண்ணுச்சோ!" என்று சேர்மன் பூச்செண்டைப் பூட்டுக்காரர் கையில் திணித்தார்.

"அய்யா, அவரு அங்க..." என்று பூட்டுக்காரர் கையைக் காட்டினார்.

"பேசாதீங்கய்யா, வெயில்ல நிக்காதீங்க," என்று அவரைக் கம்பளத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு தட்டு விழுந்தால் இறங்கிவிடலாம் என்று பூட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். ஜனக்கூட்டம் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தது. அதில் ஒன்று எது, இரண்டு எது?

நிஜ உலகத் தலைவர் கசங்கிய சட்டையோடு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டபடி படியிறங்கி வந்தார். நீலக்கோட்டைத் தாண்டினார். ஆச்சரியப்படவில்லை. அடுத்த கோட்டில் நெகிழவும் இல்லை. மேடம் உதட்டைப் பிதுக்கினார். "யாரு இந்த ஆளைக் கூட்டிட்டு வந்தது? நடையே சரியில்ல. உள்ள உட்கார வைங்க," என்று மாற்று ஆள் தங்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். போகும்போது உலகத் தலைவர் அவருடைய மொழியில் ஏதோ கேட்டார். இந்த மண்ணில் கால் வைத்ததில் பெருமையடைகிறேன் என்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர். கழிப்பறை எங்கே என்று கேட்டிருக்கிறார் என்பது பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது.

ஊர்வலம் கிளம்பியது. முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் திறந்த கார், அதில் சேர்மனும் பூட்டுக்காரரும். தெருமுனையில் கார் நின்றது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று, கண்ணில் நீர் தளும்பக் கையசைத்துக்கொண்டிருந்தார். மாவு மில்காரர் கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அய்யா, இதுதான் நாங்க இடிக்கப் போற தெரு," என்று சேர்மன் ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவித்தார். "பாருங்க, என்ன சந்தோஷமா நிக்கிறாங்க! வீடு போனாலும் விளையாட்டு வாழணும்ங்கற ஜனங்க! இவங்களுக்கு வேற வீடு குடுப்போமான்னு சிலர் கேக்கறாங்க. குடுத்துட்டா அப்புறம் தியாகம்னு எதைச் சொல்றது?"

ஒலிபெருக்கி பூட்டுக்காரர் வாயருகே வந்தது. அவர் தன் வீட்டு வாசலைப் பார்த்தார். மனைவி தனியாக நின்றுகொண்டிருந்தாள். காரில் இருப்பது யார் என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  பூட்டுக்காரருக்குக் கோடு, தட்டு எல்லாம் மறந்து போயிற்று.

"இந்தத் தெருவை இடிக்காதீங்க," என்றார். "பாவம், மனுஷங்க குடியிருக்காங்க."

நன்றாகப் பழகிய சேர்மனின் வாய், யோசனைக்குக் காத்திருக்கவில்லை. நெஞ்சில் கை போயிற்று. "அய்யா! நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா, ஒரு செங்கல்லைக் கூட அசைக்க மாட்டோம்! இது என் தாய் மேல சத்தியம்!"

"அசைக்க மாட்டோம்!" என்று பின்னால் வந்த கார்களிலிருந்து குழு முழங்கியது. உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

 தெரு ஆரவாரத்தில் வெடித்தது. உலகத் தலைவர் நம் மொழியிலேயே பேசிவிட்டாராம்! "நம்ம பாஷை இவ்வளவு நல்லாத் தெரிஞ்சும் இத்தனை நாள் வெளிய காட்டிக்கல பாரு, என்ன அடக்கம்!" என்று லாண்டரிக்காரர் ஓடிவந்து காரின் முன்பக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். கட்டிக்கொண்டவர் தலையைத் தூக்கிப் பார்த்தது கறுப்புக் கண்ணாடியை மட்டும்தான்.

எந்த வாசலில் வீட்டுக்காரர் நிற்கிறார் என்று குறித்துக்கொண்டே வந்த ஓர் அதிகாரி, பூட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்று, "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார்.

"அதோ கார்ல போறாருங்களே."

"அது உலகத் தலைவர்மா."

"உங்களுக்கு உலகத் தலைவர். எனக்கு வீட்டுக்காரர்."

அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பாவம், இடிக்கிற பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

நிஜ உலகத் தலைவர் மாற்று அறையின் பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே, சாயங்காலம் வரை அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். எழுந்ததும் யாரோ டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். புல்லைக் காட்டாத, பேச்சைக் கேட்கச் சொல்லாத நாட்டை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறார். விமானப் படிக்கட்டில் நின்று நிருபர்களிடம் மனதாரச் சொன்னார்: "பிரமாதம்!" அதை அவரே நம் மொழியில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். விமானத்துக்காரர்கள் தங்கள் ஆளை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்கள். நம் ஆள் கோட்டோடு கீழே நின்றார். ஆள் மாறிப்போனது மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, பூட்டுக்காரரை நடுவில் நிறுத்தினார்கள். சேர்மன் நடந்துகொண்டே பேசினார்.

"நான் யாருக்கு வாக்கு குடுத்தேன்? உலகத் தலைவருக்கு. கார்ல வந்தது அவர் இல்லன்னா, அவர் எதையும் பார்க்கல. பார்க்கலன்னா, 'பிரமாதம்'னு எதைப் பார்த்துச் சொன்னார்னு கேப்பாங்க. கேட்டா போட்டி போச்சு. போட்டி போனா, நாம குடுத்த காலத்தை எல்லாம் யார் திருப்பிக் குடுப்பா? அதனால கார்ல வந்தது உலகத் தலைவர்தான். இதுதான் குழுவோட முடிவு. உண்மை என்னங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்ப தெருவை இடிக்க மாட்டீங்களே?" என்றார் பூட்டுக்காரர்.

"ஒரு செங்கல் அசையாது. சத்தியம் சத்தியம்தான். ஜனங்க உலகத் தலைவருக்கு அங்கேயே ஒரு சிலை வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. வைக்கப் போறோம். நல்லவேளை, ஒரு ஆளில்லாத வீடு இருக்கு. அதை மட்டும் எடுத்துக்கறோம். உலகத் தலைவருக்காகங்கறதால அது இடிக்கறதுல சேராது. பூட்டுக் கடை போட்டிருந்த வீடு."

"அய்யா, அது என் வீடு!"

"நேத்து வாசல்ல நின்னியா?"

"கார்ல இருந்தேனே, உங்க பக்கத்துல!"

"என் பக்கத்துல இருந்தது உலகத் தலைவர்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"அதை நீதான்ப்பா சொல்லணும்," என்றார் சேர்மன் வருத்தத்தோடு. "எங்க இருந்தேன்னு உனக்கே தெரியலன்னா, எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம்தான் கொஞ்சம் இரக்கப்பட்டார். "நான்தான் அதுன்னு நீங்க வெளிய போய்ச் சொல்லலாம். யாரும் தடுக்க மாட்டோம். ஆனா அப்படிச் சொன்னா சத்தியம் செல்லாது. தெரு மொத்தமும் போயிடும். உங்க வீடும் அதுல ஒண்ணு."

பூட்டுக்காரர் தெருவுக்குத் திரும்பியபோது எல்லா வீட்டிலும் சிவப்புக் குறி மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாவு மில்காரர் ஏணியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் உள்ளே போய் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். தன் வீட்டுக்காகப் போனவர், தன் வீட்டைத் தவிர எல்லா வீட்டையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அழாமல் என்ன செய்வார்?

"எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?" என்றார்.

"சொன்னா நம்ம வீடு நிக்குமா?"

"நிக்காது."

"சொல்லலன்னா?"

"மத்ததெல்லாம் நிக்கும்."

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு வாளிகள் போய் வந்துகொண்டிருந்தன. "உங்களை யாரு அங்க வாயத் தொறக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் பேசினீங்க," என்றாள். பிறகு எழுந்து, "மெஷினைத் தூக்கணும். ஒரு பக்கம் பிடிங்க," என்றாள்.

வீடு ஒரே காலையில் இடிபட்டது. அதற்கு மட்டும் அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை. சிலை செய்கிறவருக்கு மாதிரிக்கு நிற்க உலகத் தலைவர் வர முடியாததால், பூட்டுக்காரரையே கோட்டு மாட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தொப்பை கொஞ்சம் அதிகம் என்று சிற்பி குறைத்துக்கொண்டார்.

இப்போது பூட்டுக்காரரும் மனைவியும் லாண்டரிக்காரர் வீட்டுப் பின்பக்கத்து அறையில் இருக்கிறார்கள். லாண்டரிக்காரர் தங்கமானவர். இடம் கொடுத்தார். ஆனால் வாய் சும்மா இருக்காது. தினமும் காலையில் வாளியும் துணியுமாகப் போய் ஏணி வைத்து ஏறி, சிலையின் தலையைப் பளபளவென்று துடைப்பார். துடைத்துக்கொண்டே, கீழே பூட்டு மேசையைப் போட்டுக்கொண்டிருக்கும் பூட்டுக்காரரிடம் பேசுவார்.

"இந்த மனுஷன் மட்டும் வரலன்னா இன்னிக்கு நமக்கெல்லாம் ஒண்ட இடமில்ல. எங்கேயோ பொறந்தவர், நமக்காக வாயத் தொறந்தார். நீ இந்தத் தெருவுலயே இருக்கியே, தெருவுக்காக என்னப்பா பண்ணினே? ஒரே ஒரு நாள் வாசல்ல வந்து நில்லுன்னாங்க. அதுக்குக்கூட ஆளைக் காணோம்."

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"அன்னிக்கு இவருக்கு ஒரு வேலை வந்துடுச்சுண்ணே," என்றாள் அவள்.

"அப்படி என்னம்மா பெரிய வேலை?" என்று கேட்டுவிட்டு, லாண்டரிக்காரர் சிலையின் காது மடலைத் துடைக்க ஆரம்பித்தார்.